ஏழு மணிக் கடல்

19-4-1927, செவ்வாய்

பள்ளிக்கூடக் கூரைக்கு அத்தாப்பு ஓலை மாற்றுகிறார்கள். இரண்டு வாரம் விடுமுறை. முப்பத்திநாலு பிள்ளைகளும் அவிழ்த்துவிட்ட கன்றுகளாக ஓடிவிட்டன. மணிக்குப் பதிலாகத் தொங்கும் தண்டவாளத் துண்டை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பழக்கதோஷம்.

வீட்டுக்காரருக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல் இல்லை. ஊருக்குப் போகும் பேச்சு மட்டும் விடவில்லை. மே ஐந்தாம் தேதிக்குள் பதில் சொன்னால் நாகப்பட்டணம் கப்பலுக்கு ரப்பர் தோட்டமே சீட்டு எடுத்துத் தருமாம். தொரை சொன்னாராம். பதினோரு வருடம் ஆள் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்தவருக்கு மரியாதை.

எனக்கு? நான் பிறந்தது மலாயாவில், இந்தச் சிலிம் ரிவரில். அவர் ஊரில் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவள். இங்கே வாத்தியாரம்மா. போகமாட்டேன்.

20-4-1927

பந்தயம் கட்டிவிட்டேன்.

"ஒடம்பு தேறலன்னுதான ஊருக்குப் போகணும்ங்கிறீங்க? பாகான் டத்தோவுலருந்து சித்தியவான்ல எங்கண்ணன் வீடு வரைக்கும் கடலோரமா நடப்போம். நாலு நாளு. நடுவுல ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும் நானே பெட்டியக் கட்டுறேன். வரலன்னா கப்பல் பேச்ச விட்டுடணும்."

அவர் "சரி" என்றார். அந்தோணிமுத்து கிராணியிடம் இதற்கு மேல் வார்த்தை எதிர்பார்க்கக் கூடாது.

அவருடைய அக்கா குழந்தையம்மாள், எனக்கு மதினி, அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "ஒனக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்கு நவமணி" என்றார். பிறகு, "நானும் வாரேன்."

22-4-1927

பந்தயத்தன்றே போட்ட என் கடிதத்துக்குச் சித்தியவானிலிருந்து செபாஸ்டியன் அண்ணனின் பதில். தாராளமாக வரலாமாம். அவருடைய தென்னந்தோப்பில் கொப்பரை நிறுக்க ஒரு கிராணி தேவையாம், தெரிந்தவர் இருந்தால் சொல்லவேண்டுமாம். எனக்கு யாரையும் தெரியவில்லை.

26-4-1927, செவ்வாய்

தெலுக் ஆன்சன் வரை ரயில். பிறகு படகு. சாயங்காலம் பாகான் டத்தோவிலிருந்து சம்பான் படகில் ஆற்றைக் கடந்து இக்கரை வந்தோம். எட்டு வயது கெர்ட்ரூட் சம்பானில் ஒரு நிமிடம் உட்காரவில்லை. இவளைப் பெற்றதற்கு நான் இரண்டு சம்பளம் வாங்கவேண்டும்.

அவர் கித்தானை நாலு கம்பில் கட்டிக் கூடாரம் போட்டார். முடிச்சுகளை நான் சரிபார்த்தேன். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.

27-4-1927, புதன்

முதல் நாள். அவருடைய பைக்கடிகாரம் இப்போது என் இடுப்பில். விடிந்ததும் பார்த்தால் கடலைக் காணவில்லை! சேறும் மணலுமாக அரை மைல் வெறுமை. மணி பார்த்தேன்: ஏழு. மத்தியானம் தண்ணீர் மரத்தடிவரை வந்துவிட்டது. ஆக, காலை ஏழு மணிக்கு வற்றம். நோட்டில் குறித்துக்கொண்டேன். தோட்டத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் வாசிக்கும் பெரட்டு மாதிரி கடலுக்கும் ஒரு நேரம். ஆண்டவர் ஒழுங்கில்லாமல் எதையும் படைக்கவில்லை.

ஏழு மைல் நடந்தோம். அவருக்குக் காய்ச்சல் வராமலிருக்கக் கொய்னா மாத்திரை கொடுத்தேன். நெற்றி தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சி.

28-4-1927

கரையோரம் முழுக்க அலையாத்திக் காடு. உள்பாதையாகவே நடை. கொசு. கடலைப் பார்க்கவே இல்லை. நெற்றி: குளிர்ச்சி.

29-4-1927, வெள்ளி

நல்ல மணல்கரை. சவுக்கு நிழல். மதினி கருவாடு சுட்டார். வெள்ளிக்கிழமை இறைச்சிதான் ஆகாது, கருவாட்டுக்குப் பாவமில்லை.

காலை எட்டரை ஆகியும் கடல் திரும்பி வரவில்லை. பெரட்டுக்குப் பிந்தி வருகிற ஆள் மாதிரி எங்கேயோ சுணங்கிக்கொண்டு நிற்கிறது. நம் கையில் விட்டால் அரைநாள் சம்பளம் வெட்டிவிடலாம்.

அவர் மணலில் உட்கார்ந்து வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன யோசனை என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. சும்மா" என்றார். சும்மா உட்கார்ந்து இவரை நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஏதும் வருகிறதோ? நெற்றி குளிர்ச்சிதான். இன்னும் ஒரே நாள். ஜெயித்த மாதிரிதான்.

30-4-1927, சனி — செபாஸ்டியன் அண்ணன் வீடு

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

ஒரு சின்ன ஆற்றின் முகத்துவாரம். அதைத் தாண்டினால் சித்தியவான் பாதை. ஏழு மணிக்கு வற்றம் என்று எல்லோரையும் இருட்டோடு எழுப்பிக் கிளப்பிக்கொண்டு சரியாக ஏழுக்குக் கரையில் நிறுத்தினேன். தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. கடலைப் பார்த்து நல்ல இழுப்பு.

"கொஞ்சம் இருந்து பாப்போமே" என்றார் அவர்.

"இதாங்க இருக்கிறதிலேயே கொறச்ச தண்ணி! நின்னா ஏறத்தான் செய்யும். இப்ப விட்டா நாளைக்கு ஏழு மணிதான்."

மதினி சிலுவை போட்டுக்கொண்டார். நான் பானையைத் தலையில் வைத்து முதல் ஆளாக இறங்கினேன். வாத்தியாரம்மா அல்லவா.

நடு ஆற்றில் மார்பளவு. கால் மணலில் நிற்கவில்லை. பானை போயிற்று, அரிசி போயிற்று, கொய்னா டப்பாவும் அதற்குள்தான் — ஐயோ, அதையா பானைக்குள்ள வைப்பேன்! புத்தி எங்க போச்சு எனக்கு? ஒரு மூங்கில் கழி நட்டிருந்தது. அதைக் கட்டிக்கொண்டு நின்றேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

அவர் கெர்ட்ரூடைத் தோளில் உட்காரவைத்துக் கடந்தார். திரும்பிப் போய் மதினியைக் கைப்பிடித்து அழைத்துவந்தார். கடைசியாக என்னிடம் வந்தார். "விடு, கழிய விடு. என்னயப் புடி" என்றார். பிடித்தேன். நான் நாலு நாளாக நெற்றி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நோயாளி மூன்று தடவை அந்தத் தண்ணீரை அறுத்துக்கொண்டு போய்வந்தார்.

கரையில் விழுந்து கிடந்தோம். அவருக்கு உடம்பு நடுங்கியது. எனக்கு உயிரே இல்லை. மருந்தும் இல்லை, காய்ச்சல் வந்தால் என் கையால்தான் வந்தது. பந்தயமாவது மண்ணாவது என்றுதான் அப்போது தோன்றியது. தொட்டுப் பார்த்தேன். ஈரக் குளிர்தான். வெயில் ஏறியதும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய அவமானம். துணி காய உட்கார்ந்திருக்கிறோம், தண்ணீர் இறங்குகிறது. எட்டு மணி, இறங்குகிறது. ஒன்பது, இன்னும் இறங்குகிறது. பத்து மணிக்கு ஒரு மலாய்க்காரம்மா கூடை நிறையக் கிளிஞ்சலோடு அக்கரையிலிருந்து நடந்தே வந்தாள். கணுக்கால்கூட முழுசாக நனையவில்லை. எங்கள் கோலத்தைப் பார்த்தாள். "கெனாப்பா தா துங்கு?" ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டாள். நான் நோட்டைக் காட்டி ஏழு மணி என்றேன். அவள் சிரித்த சிரிப்பு! கடல் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் பிந்தித்தான் வற்றுமாம். சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பதினோரு வருசமா ஆளுங்களத்தான் நான் மணியடிச்சுக் கூப்புட்டேன். நீ கடலையே பெரட்டுக்குக் கூப்புட்டுட்டே லா!" காய்ச்சல் வந்த நாளிலிருந்து இந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது. அழுகையும்தான்.

மாலை அண்ணன் வீடு. நெற்றி: குளிர்ச்சி.

1-5-1927, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்தோம். பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன். அவரிடம் சொன்னேன். "ஆமா" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஜெயித்த சந்தோஷம் ஏன் எனக்கும் வரவில்லை?

2-5-1927

இன்று விட்டுவிடவில்லை, கேட்டுவிட்டேன். ஊரில் அப்படி என்னதான் வைத்திருக்கிறது?

"ஊர்ல எனக்கு யாரு இருக்கா? அப்பாவும் இல்ல, ஆத்தாவும் இல்ல. விடியக்கால நாலரை மணி இருட்டுல அந்த மணிய அடிச்சு, காய்ச்சல்ல கெடக்கிறவனையும் எழுப்பி நிக்கவச்சுப் பேரு வாசிக்கணும். வராதவன் பேருக்கு நேரே கோடு போடணும். எனக்கே காய்ச்சல் வந்தப்பதான் தெரிஞ்சது. அந்த மணி கேக்காத எடம் வேணும் நவமணி. கப்பல விட்டா வேற வழி தெரியல."

ஒன்பது வருடமாக ஒரு கூரையின் கீழ் இருக்கிறோம். மணியடித்துப் பிள்ளைகளை உட்காரவைப்பது எனக்குப் பெருமை. அதே மணி இவரை இப்படித் தின்றிருக்கிறது, நான் நெற்றியை மட்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரமாகப் போய் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, கொப்பரை நிறுக்க ஆளு கெடச்சாச்சா?"

5-5-1927

தொரைக்குப் பதில் சொல்லியாயிற்று. கப்பலும் இல்லை, தோட்டமும் இல்லை. சித்தியவான்.

28-5-1927

கடைசி நாள். முப்பத்திநாலு பேரும் வரிசையில் நின்றார்கள். முத்தம்மா மட்டும் என் முந்தானையை விடவில்லை. அழமாட்டேன் என்றிருந்தேன். தண்டவாளத் துண்டை எடுத்துப் போகலாமா என்று மனம் ஒரு நிமிடம் ஆசைப்பட்டது. அங்கேயே தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

6-6-1927, திங்கள் — சித்தியவான்

கொப்பரைக் கொட்டகையின் ஒரு மூலையில் இன்று முதல் பள்ளிக்கூடம். பதினோரு பிள்ளைகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதி மீன்பிடிக்காரப் பிள்ளைகள், கடல் வற்றுகிற நேரத்தில் வரமாட்டார்களாம். அதற்கும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை சரியான கணக்கு.

மதினி தேத்தண்ணி போட்டுவிட்டார். கெர்ட்ரூட் முற்றத்தில் கோழி விரட்டுகிறாள். மணி ஆறே முக்கால். அவர் இன்னும் தூங்குகிறார். எழுப்பவில்லை.