காவடி எடுத்து முடித்த பிறகு

மார்ச் 10, செவ்வாய்
காலை மழை, பிறகு சுள்ளென்ற வெயில். காயப்போட்ட துணியை இரண்டு தரம் உள்ளே எடுத்தாயிற்று.

நேர்த்தி முடிந்து இரண்டு நாள். மகள் துளசி இந்த நாட்டு விமானப்படையை விட்டால் இவர் காவடி எடுப்பார், அதுவரை எனக்கு வெள்ளிதோறும் ஒருநேரச் சாப்பாடு. ஒன்பது வருடத்துக்கு முன் முருகனிடம் வைத்தது. போன மாதம் விட்டாள். ஞாயிறு காவடி. என் வெள்ளிகள் 471, கொப்பியில் எழுதி இருக்கிறது. தவறியது இரண்டு (காய்ச்சல்).

செய்ய:
பாற்செம்புகள் கோயிலுக்குத் திருப்பிக் கொடுக்க.
துளசியின் அறைத் திரை தோய்க்க.

பின்னேரம். திரை எடுக்கப் போனேன். கதவுக்குப் பின்னால் பறக்கும்போது போடும் பச்சை உடுப்பு. புத்தம் புதிது. பெயர்கூடத் தைத்திருக்கிறது. பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றவள்.

"இது என்ன பிள்ளை?"

"ரிசேர்வ், அம்மா. முழுநேரம்தான் விட்டனான். இனி மாசத்தில நாலு நாள். கூப்பிட்டா கூடவும் போவன்."

"போய்? எழுத்து வேலைதானே?"

"இல்லை அம்மா. ஃப்ளையிங்தான்."

குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேனாம்.

மார்ச் 11, புதன்
குளிர். நித்திரை இல்லை.

இவருக்கு முதலே தெரியும்!

"காவடி தூக்கேக்கயே தெரியுமோ?"

"ஓம்."

"முருகனுக்கு முன்னால பொய்யோ?"

"நான் வாயே திறக்கேல்லயப்பா. தூக்கினனான், ஆடினனான். முதுகு இன்னும் நோகுது."

சிரிக்கிறார். நடக்காத ஒன்றுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறோம். நேர்த்தியும் போயிற்று, விரதமும் போயிற்று. வர்ற வெள்ளியே அவள் விமானம் ஏறப்போகிறாளாம். பிள்ளைக்கு இனி என்ன காவல்?

மார்ச் 12, வியாழன்
கோயில் ஐயருக்குப் போன் எடுத்தேன். பழைய நேர்த்தியைத் திரும்பத் தொடங்கலாமா என்று.

"குடுத்ததைத் திருப்பி வாங்க இதென்ன கடைச் சாமானே அம்மா? புதுசா ஒண்டு வையுங்கோ."

துளசியிடம் கேட்டேன். நல்ல வேலை கிடைத்திருக்கிறது, பிறகும் ஏன்?

"ஒஃபிசில கதைச்சுக்கொண்டு இருக்கேக்க மேலால ஒரு பிளேன் போனா கதையை நிப்பாட்டிடுறன், அம்மா. எல்லாரும் என்னைப் பாக்கினம்."

நானும் நிப்பாட்டுகிறவள்தான். ஊரில் சண்டை நேரம் குண்டு போட வந்த அந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓடின உடம்பு. இன்றைக்கும் மேலே கேட்டால் கை தானாக அடுப்பை அணைக்கும். ஆனால் இவள் நிப்பாட்டுவது பயத்தில் இல்லை. முகத்தைப் பார்த்தேன். ஆசை. அந்தச் சத்தத்தில் என் வயிற்றுப் பிள்ளைக்கு ஆசை.

பாற்செம்பு இன்னும் கொடுக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி
காலை 6. பனிப்புகார். தளத்துக்கு இரண்டரை மணி நேர ஓட்டம். துளசி காரில் சாமான் ஏற்றினாள். நான் சாமியறையில், புது நேர்த்தி வைக்க. 'அவள் இதை விடவேண்டும்' என்று தொடங்கினேன். நேற்றைய முகம் வந்து நின்றது. மேலே சொல்ல முடியவில்லை.

"அம்மா, நேரம் போகுது! போட்டு வாறன்!"

ஓடிப்போய்த் திருநீறு பூசினேன். குனிந்து நின்றாள். பச்சை உடுப்பில் கொட்டுப்பட்டது. தட்டவில்லை அவள்.

கார் போன பிறகு திரும்ப விளக்குக்கு முன்னால். வாயில் வந்தது இவ்வளவுதான்: ஏற்றினால் இறக்கியும் விடு முருகா.

அவள் பறப்பதை விடச்சொல்லிக் கேட்கவில்லை. என் வாய்தானா இது.