எழுதாமல் விட்ட பின்பக்கம்

சிங்கப்பூர் தஞ்சோங் பகாரிலிருந்து மலேசியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ரயில் நின்றுபோன வருஷம் அது. அதே வருஷம்தான் நாங்கள் பொங்கோலுக்கு வீடு மாறி வந்தோம். நீ தேக்காவில் இருந்த காய்கறிக் கடையைத் தம்பி மகன் கையில் கொடுத்துவிட்டு, காலையில் சும்மா உட்காரப் பழகிக்கொண்டிருந்தாய். இப்படி ஒன்றோடு ஒன்றைக் கோத்து வைத்தால்தான் எனக்கு வருஷம் நிற்கும். எண் சொன்னால் நிற்காது.

இன்று காலை மருமகள் அலமாரியைத் துடைக்கும்போது பழைய பிஸ்கட் டின்னைக் கீழே இறக்கினாள். மூடியைத் திறந்ததும் கறிவேப்பிலை வாசம். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லையாம், எனக்கு வந்தது. கறிவேப்பிலைக் கட்டு பிரித்த கையோடுதானே நீ படங்களை வாங்கித் திருப்புவாய். ஒரு படத்தை மட்டும் அவள் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தாள்.

"மாமா, எல்லாத்துலயும் பேரு எழுதியிருக்கு, இதுல மட்டும் ஒண்ணும் இல்ல. யாரு இந்த மூணு பேரும்?"

உன்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் இந்த வீட்டுக்கு வருவதற்குள் நீ பாதியாக இளைத்து முதியோர் ஹோமில் படுத்துவிட்டாய். படத்தில் இருப்பவனோ தொப்பையும் மீசையுமாக ரயில்வே பெஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அதனால்தான் இந்த மடல். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியாததா?

சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் அந்தக் கேமராவை எனக்குப் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தவன் நீ. நான் அப்போது கிராஞ்சியில் விடிவதற்கு முன் ஆட்களை லாரியில் ஏற்றி வேலையிடங்களில் இறக்கிவிட்டு வருகிறவன். ஒரு நாளைக்கு ஒரு படம், அதுவும் காலைத் தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னால் என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட வழக்கத்தை நீ முதலில் கேலி செய்தாய். "கோயில் இல்லாத பூசாரிலா நீ" என்றாய். பிறகு நீயே அதில் பங்காளியானாய். ரோல் முடிந்து படம் கழுவி வந்ததும், ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் பின்னால் காதர் பாயின் தேத்தண்ணிக் கடையில் உட்காருவோம். நான் ஆளைச் சொல்வேன், ஊரைச் சொல்வேன். நீ காதில் செருகிய பென்சிலை எடுத்துப் பின்பக்கம் எழுதுவாய். உனக்கு முகம் நிற்காது, எனக்கு எழுத்து தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள் என்று காதர் பாய் சிரிப்பார்.

பேர் தெரியாமல் நான் கொண்டுவந்த படங்களை நீ எழுத மறுத்துத் திருப்பித் தருவாய். "பேரைக் கேட்டுட்டு எடுடா. கேக்காம எடுத்தா அது திருட்டு" என்பாய். எனக்குக் கோபம் வரும். ஆனால் என் கை திருந்தியது அதனால்தான். பேர் கேட்டால் ஆள் பேசுவான். பேசினபின் அவன் நிற்கிற விதமே மாறிவிடும். சாரம் கட்டுகிற முருகேசன் என்ற பையன் கேமராவைக் கண்டதும் விறைத்துக்கொண்டு நின்றான். பேர் கேட்டேன். சொல்லிவிட்டு, "ஊருக்கு அனுப்பிடாதீங்கண்ணே, எளைச்சுட்டேன்னு அம்மா அழும்" என்று சட்டைக் காலரைத் தூக்கிக் கழுத்தெலும்பை மறைத்தான். அப்போது அழுத்தினேன். அந்தப் படத்தை நீ வெகுநேரம் பார்த்தாய். பேரும் ஊரும் எழுதினாய். அன்று கேலி பேசவில்லை.

சில காலைகளில் படமே கிடைக்காது. மழை, வெறும் சுவர், அவசரத்தில் போகிற முதுகுகள். அப்படியே போய் ரோல் முடியாத ஞாயிறு வந்து வெறுங்கையை விரிப்பேன். அன்று எழுத ஒன்றும் இல்லாததால் நீ பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பாய்.

ரயில் நிற்கப்போகிற கடைசி வாரத்தில், ஒரு மத்தியானம், நாம் நாலு பேரும் தஞ்சோங் பகாருக்குப் போனோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சின்னப்பன் உன்னையும் என்னையும் காதர் பாயையும் இழுத்துக்கொண்டு போனான். அவனுடைய அப்பாவும் அங்கேதான் மூட்டை தூக்கியவர். கூட்டத்தில் இடம்பிடித்து நீங்கள் மூன்று பேரும் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். நான் எடுத்தேன். படம் கழுவி வந்த ஞாயிறு, பென்சிலை எடு என்றேன். நீ எடுக்கவில்லை.

"நம்மள நமக்கே தெரியாதாலா? போடா."

காதர் பாயும் சிரித்தார். நானும்தான் சிரித்தேன். வழியில் போகிறவன் பேரையெல்லாம் எழுதி வைத்தவர்கள் நம் பேரை எழுதவில்லை.

சின்னப்பன் முதலில் போனான். கொரோனா காலத்தில் காதர் பாய். அவரைக் கடைசியாகப் பார்க்கக்கூட நம்மால் போக முடியவில்லை. பிறகு உனக்கு மறதி வந்தது. ஹோமுக்கு ஞாயிறுதோறும் படங்களோடு வந்தேன். ஆரம்பத்தில் எழுதினாய். எழுத்து கோணுகிறது என்று தாதி சொன்னாள். கோணினாலும் இவனுக்கு எல்லாம் ஒன்றுதானே என்று என்னைக் காட்டி நீ சிரித்த நாள் நல்ல நாள்.

ஒரு ஞாயிறு இந்த ரயில் படத்தைக் கொடுத்தேன். நடுவில் இருந்த உன் மேலேயே விரலை வைத்தாய்.

"இந்த ஆளு யாரு? எங்கயோ பாத்த மாதிரி இருக்கு."

உன் பேரைச் சொன்னேன். "நல்ல பேரு" என்றாய். பென்சிலை உன் கையில் வைத்தேன். பிடித்தாய். முனையைத் தாளில் வைத்தாய். அது நகரவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பென்சிலை என்னிடம் நீட்டி, மரியாதையாகச் சொன்னாய்:

"நீங்களே எழுதிருங்கண்ணே. எனக்கு எழுத்து வராது."

இத்தனை வருஷத்தில் நீ என்னை 'டா' போடாமல் பேசியது அன்று ஒருநாள்தான். பென்சிலை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ போனபின்னும் அது பையிலேயே இருக்கிறது. சட்டை மாற்றும்போது அதையும் மாற்றுகிறேன்.

கேமரா ஆணியில் தொங்குகிறது. காலையில் இறங்கி வீட்டு புளோக்கைச் சுற்றி நடக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் நல்ல வெளிச்சத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். பேர் கேட்க வாய் வருவதில்லை. கேட்டுவந்து யாரிடம் சொல்வேன்? போன மாதம் தேக்கா பக்கம் ஒரு புதுச் சாப்பாட்டுக் கடையில் பழைய படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். துறைமுகத்து ஆட்கள், வரிசையாக. இவங்க யாரு தம்பி என்று கேட்டேன். "சும்மா டெக்கரேஷன்தான் அங்கிள்" என்றான். பாதியில் எழுந்து கை கழுவினேன்.

இன்று மருமகள் கேட்டதும் அதுதான் நினைவுக்கு வந்தது. நான் கண்ணை மூடினால் நீங்கள் மூன்று பேரும் யாரோ மூன்று பேர். பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தேன். இடமிருந்து சொல்கிறேன் அம்மா, எழுது. சின்னப்பன். நடுவில் உன் பேர், அதை உன் அப்பா பேரோடு சேர்த்தே எழுதச் சொன்னேன். வலது ஓரம் காதர் பாய். தஞ்சோங் பகார், ரயில் நின்ற வருஷம். அவள் மெதுவாக எழுதினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், கோடுகள்தான் தெரிந்தன.

முடித்துவிட்டு அவள் டின்னில் இருந்த மற்றப் படங்களையும் திருப்பிப் பார்த்தாள். "எதுலயுமே எடுத்தவங்க பேரு இல்லையே மாமா. இதுலயாவது போடட்டுமா?"

நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கொஞ்சம் யோசித்தேன். பிறகு, கீழே இடம் இருந்தால் போடு என்றேன். எடுத்தவன், சோலைமுத்து.