ஒட்டிக்கொண்ட துணி

அத்தை,

நேற்று பாப்பாவின் முழங்கால் சிராய்ப்பில் கட்டிய துணி இன்று காலை ஒட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் மருந்தின் வாடை. நுனியைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் போய் மூன்று வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

இடுப்பெலும்பு முறிந்து நீங்கள் படுத்த இரண்டாம் மாதம் அந்தப் படுக்கைப் புண் வந்தது. பாப்பாவுக்கு அப்போது ஐந்து மாதம். உங்களைத் தொட்ட கையால் அவளைத் தூக்க வேண்டுமே என்று எனக்குப் பயம். ஈரத்தில் கிருமி வளரும் என்று கல்லூரியில் படித்திருந்தேன். மருந்துப் பவுடரைத் தூவி, காய்ந்த காஸ் துணியை வைத்துக் கட்டினேன்.

"என் நூல் சேலையக் கிழிச்சு அவிச்சு, கொஞ்சம் எண்ணெ தொட்டு வையேன் தாயி."

"ஈரம் ஆகாது அத்தை. புண்ணு காயணும்."

"காலேசுக்காரி சொன்னா அப்பீல் ஏது?" என்று சிரித்தீர்கள்.

தினமும் காலையில் பிய்த்தெடுத்தேன். தலையணை நுனியைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருப்பீர்கள். துணியோடு சிவப்பாக வந்ததை அழுக்கென்று நினைத்தேன். "மொதல்ல பிள்ளைக்குப் பாலக் குடு, செத்த நேரம் கழிச்சு அவுக்கலாம்" என்பீர்கள். என்மேல் கரிசனம் என்றிருந்தேன். கரிசனம் மட்டுமில்லை, அந்தச் செத்த நேரம் உங்களுக்கும் வேண்டியிருந்திருக்கிறது.

புண் அகலமானதும் உங்கள் மகன் நர்சம்மாவை ஜட்கா வண்டியில் கூட்டிவந்தார். காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரால் துணியை நனைத்துவிட்டு, அது தானாக விடும்வரை அந்தம்மா காத்திருந்தார்.

"அழுக்கில்லம்மா, புதுச் சதை. ஆற ஆறத் தினம் உரிச்சிருக்கீக. வாசலின் தோய்ச்ச காஸ் வைங்க, ஒட்டாது. புண்ணு காயவும் கூடாது, ஊறவும் கூடாது." பிறகு உங்களைப் பார்த்து, "ஏன் பாட்டி, வலிக்குதுன்னு வாயத் தொறந்தா என்ன?"

"நானும் கத்துனா, அவ பிள்ளைய அமத்துவாளா, என்னைய அமத்துவாளா?"

பத்து நாளில் ஓரத்தில் இளஞ்சிவப்பு ஏறியது. கைக்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினேன். "பாப்பா ஒதடு கணக்கா இருக்கே" என்றீர்கள். புண் ஆறுமுன், அந்த வாரமே காய்ச்சல் முந்திக்கொண்டு உங்களைக் கொண்டுபோனது. நான் உரித்துப் போட்ட நாட்கள் கையில் இருந்திருந்தால் என்று இன்னும் நினைக்கிறேன்.

இன்று பாப்பாவின் துணியை நனைத்துவிட்டுக் காத்திருந்தேன். "வலிக்குதா?" என்று கேட்டேன். "வலிக்குது!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். கத்தட்டும் என்றிருந்தது. உங்களிடம் ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருக்க வேண்டும், அத்தை.