ஏணி விழுந்தாள், நாங்கள் ஜெயித்தோம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதறது. இங்கே நானும் அப்பாவும் எந்தக் குறையும் இல்லாம இருக்கோம். அங்கே நீயும் மருமகளும், வயித்துக்குள்ள இருக்கறதையும் சேத்து ரெண்டரை பேரும், சுகமா இருக்கீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கேன். ஜெயிச்சுட்டோம்னு அன்னிக்கே அப்பா உனக்குப் போன்ல கத்திட்டார், ஆனா எப்படி ஜெயிச்சோம்னு உனக்குத் தெரியாது. அதைப் போன்ல ஆரம்பிச்சா பாதியில உனக்கு மீட்டிங் வந்துடும், இல்லேன்னா அப்பா நடுவுல புகுந்து குட்டையைக் குழப்பிடுவார். அதனாலதான் கடிதம். ஒரு இடத்துல உக்காந்து நிதானமா படி.

பதினாறு வருஷம் இந்தக் கிளப்புக்காக பாஸ்கெட்பால் ஆடினேன், முழங்கால் போனதும் உதவி கோச்னு ஒரு நாற்காலி குடுத்தாங்க, அதுலயும் ஏழு வருஷம் ஓடிப்போச்சு. உதவின்னா என்ன உதவி, தண்ணி பாட்டிலை நிரப்பறது, துண்டை மடிக்கறது, கோச் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டறது. அப்படித் தலையாட்டிக்கிட்டு இருந்தப்போதான் கோச் சீசன் நடுவுல, சொல்லாமக் கொள்ளாம, வேற ஊர்க் கிளப்புக்குப் போயிட்டார். அணி பட்டியல்ல கீழேருந்து ரெண்டாவது. இன்னும் ஒரு படி இறங்கினா கீழ் லீக். கீழ் லீக்குக்குப் போனா விளம்பரக் கம்பெனி கையை விரிச்சுடும், கிளப்பையே இழுத்து மூடவேண்டியதுதான்னு எல்லாருக்கும் தெரியும். கிளப் தலைவர் என்னைக் கூப்பிட்டு, மேடம், சீசன் முடியற வரைக்கும் நீங்க பாத்துக்கங்கன்னார். அவர் முகத்தைப் பாத்தா, தீப்பிடிச்ச வீட்டுச் சாவியை யார் கையிலயாவது குடுத்துட்டா போதும்ங்கற மாதிரி இருந்துச்சு. அப்பாகிட்ட சொன்னேன். அவர் கண்ணாடிக் கடையில யாரோட மூக்குக் கண்ணாடிப் பிடியையோ சரி பண்ணிக்கிட்டே, உனக்கு ஏற்கெனவே பிரஷர், இது வேறயான்னு கேட்டார். பதில் என் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருந்ததாம், அப்புறமா சொன்னார்.

முதல் ரெண்டு ஆட்டமும் தோத்தோம். ஏன் தோத்தோம்னு எனக்கு முதல் ஆட்டத்திலேயே தெரிஞ்சுபோச்சு, ஆனா வாயால சொல்லத்தான் தைரியம் வரலை. காரணம் நம்ம ஏணி. ஆமாம், உன்னைத் தோள்ல தூக்கி வெச்சு ரிங்குக்குள்ள பந்து போட வெச்சாளே, அதே ஏணிச் சித்திதான். என்கூட ஆடினவங்கள்ல இன்னும் ஆடிக்கிட்டு இருக்கறது அவ ஒருத்திதான். உயரம் அப்படியே இருக்கு, ஓட்டம்தான் போயிடுச்சு. எதிர் அணிக்காரங்க அவளை வெளியில இழுத்து, இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை ஓடவிட்டு, அவ மூச்சு வாங்கறதுக்குள்ள உள்ளே புகுந்து போட்டுடறாங்க. நான் ஆட்டக்காரியா இருந்திருந்தா அவளுக்கும் சேத்து நானே ஓடியிருப்பேன். கோட்டுக்கு வெளியில நின்னுக்கிட்டு எப்படி ஓடறது? பந்து என் பக்கமா வந்தாலே கை தானா நீளுது, மடக்கிப் பையில போட்டுக்கறேன், இதுதான் கோச் வேலைன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

யார் மூலமாவோ சொல்லக் கூடாதுன்னு அவ வீட்டுக்கே போனேன். குளியலறைக் கதவுக்கு பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருந்தா. காப்பி போட்டுக் குடுத்துட்டு மறுபடியும் பிரஷைக் கையில எடுத்துக்கிட்டா. நான் ரெண்டு வாய் குடிச்சுட்டு, அடுத்த ஆட்டத்துலேருந்து உன்னை முதல் அஞ்சு பேர்ல இறக்கப் போறதில்லைடின்னு சொன்னேன். அவ திரும்பலை. கதவோட மேல் மூலையை அடிச்சு முடிச்சா, அவளுக்கு அதுக்கு ஸ்டூல்கூட வேண்டாமே. அப்புறம், நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வயசானோம், நீ மட்டும் தப்பிச்சு அந்தப் பக்கம் போயிட்டேன்னு சொன்னா. அவ்வளவுதான். மீதிக் காப்பியை அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் பயிற்சிக்கு ஒரு நாள்கூட லேட்டா வரலை, சொன்னதையெல்லாம் செஞ்சா, ஆனா என்கிட்ட பேச்சு மட்டும் கிடையாது. எதுக்கும் ஒரு ‘ம்’. பஸ்ல எப்பவும் என் பக்கத்து சீட்ல உக்காந்து தூங்கி என் தோளை நசுக்கறவ, கடைசி வரிசைக்குப் போயிட்டா. அணியில இருக்கற பொண்ணுங்கெல்லாம் எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துச்சுங்க, அம்மா அப்பா சண்டையில மாட்டின குழந்தைங்க மாதிரி. ஆனா கண்ணா, அதுக்கப்புறம் ஜெயிக்க ஆரம்பிச்சோம். அதுதான் எனக்கு இன்னும் வலிச்சுது. தோத்திருந்தா நான் பண்ணது தப்புன்னு அவகிட்டயே போய் நின்னிருக்கலாம் இல்லையா.

இப்ப கடைசி ஆட்டத்துக்கு வரேன். நம்ம உள் அரங்கம், கூரை ஒழுகற அதே மூலையில வாளி. ஜெயிச்சா லீக்ல இருப்போம், தோத்தா கீழே. படிக்கட்டுலகூட ஆள் உக்காந்திருந்தாங்க. மூணாவது பகுதி வரைக்கும் கயிறு இழுக்கற மாதிரி அவங்க ரெண்டு, நாங்க ரெண்டுன்னு போச்சு. கடைசிப் பகுதியில ஏணி இடத்துல ஆடற பொண்ணுக்கு அஞ்சாவது ஃபவுல், வெளியே அனுப்பிட்டாங்க. அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே வந்து உக்காந்துச்சு. அந்த இடத்துல ஆடற இன்னொருத்தி கணுக்கால் பிசகி முன்னாடியே கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தா. நான் திரும்பினேன். பெஞ்சுக் கோடியில ஏணி எழுந்து நின்னு சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தா. என் மூஞ்சியைப் பாக்கலை. உள்ளே போன உடனே, நான் பயந்த மாதிரியே, அவங்க கோச் கையை ஆட்டினார், எல்லாரும் அவளையே குறி வெச்சாங்க. ஓட விட்டாங்க, ரெண்டு தடவை போட்டாங்க, ஆறு புள்ளி முன்னால இருந்த நாங்க ரெண்டுக்கு வந்துட்டோம்.

நான் டைம் அவுட் கேட்டேன். எல்லாரும் என்னைச் சுத்தி நின்னாங்க. முதல்ல என் மனசு ஒரு வெள்ளைத்தாளாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லலை. அப்புறம் ஏணியோட கால் கண்ணுல பட்டுச்சு, ரெண்டும் நடுங்குது. சட்டுன்னு தெளிஞ்சுபோச்சு. இனிமே யாரும் ஆளைத் துரத்தாதீங்க, இடத்தைப் பிடிங்கன்னேன். நாலு பேர் முன்னாடி சுவர் மாதிரி நில்லுங்க. ஏணியைப் பாத்து, நீ ரிங்குக்குக் கீழேருந்து நகரவே நகராதே, கையைத் தூக்கிட்டு நில்லு, வரவன் வரட்டும்னேன். பதட்டத்துல ‘வரவன்’னு சொல்லிட்டேன், பெண்கள் ஆட்டத்துல! ஏணி என்னைப் பாத்தா. அத்தனை நாளைக்கப்புறம் முதல் தடவையா, வரவளை நான் பாத்துக்கறேன்டின்னா.

அவளைச் சுத்தி ஓட இடமே இல்லாமப்போச்சு அவங்களுக்கு. வெளியிலேருந்து எறிஞ்சாங்க, விழலை. ஆனா நாங்களும் போட முடியலை, அவங்களுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ கிடைச்சு ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். கடைசி சில நொடி. அவங்க கேப்டன், புலி மாதிரி பொண்ணு, நம்ம சுவர்ல ஒரு சந்து கண்டுபிடிச்சு நேரா உள்ளே பாஞ்சா. ஏணி குதிக்கலை. தடுக்கக்கூடப் பாக்கலை. கையைத் தூக்கிக்கிட்டு, வேரோட நட்ட மாதிரி நின்னா. அந்தப் பொண்ணு வந்து மோதின வேகத்துல, அவ்வளவு உயரமும் மல்லாக்க சாஞ்சு தரையில விழுந்த சத்தம் இருக்கே, இன்னும் என் காதுலயே நிக்குது. பந்து ரிங்குக்குள்ள விழுந்துடுச்சு. விசிலும் அடிச்சாச்சு. இப்ப நடுவர் கையை எந்தப் பக்கம் காட்டப் போறார்? ஏணி நகர்ந்திருந்தா கூடையும் அவங்களுக்கு, கூட ஒரு ஃப்ரீ த்ரோவும் அவங்களுக்கு. நகராம நின்னிருந்தா தப்பு மோதினவ மேல, கூடை செல்லாது, பந்து எங்களுக்கு. நடுவர் ஒரு நொடி யோசிச்சார். அந்த ஒரு நொடியில உங்கப்பா, வாழ்நாள்ல பஸ் கண்டக்டர்கிட்டகூட குரல் உயர்த்தாத மனுஷன், நாற்காலி மேல ஏறி, கண்ணு தெரியலைன்னா கடைக்கு வாய்யா, காசு வாங்காம டெஸ்ட் பண்றேன்னு கத்தினார். அரங்கம் முழுக்கக் கேட்டுச்சு. காவலாளி வந்து கையைப் பிடிச்சு உக்கார வெச்சார். நடுவர் கை எங்க பக்கம் நீண்டுச்சு! ஏணி தரையில படுத்தபடியே சிரிக்கறா. நான் ஓடிப்போய்ப் பக்கத்துல முட்டி போட்டேன், அந்த முழங்காலோட. உயிரோட இருக்கியாடின்னேன். நகரவே இல்லை பாத்தியான்னா.

மிச்சமிருந்த நொடிகளைப் பந்தை விடாமலே ஓட்டி ஆட்டத்தை முடிச்சோம். அப்புறம் இடைவழியில ஐஸ் பையை முதுகுல வெச்சுக்கிட்டு, நீ செஞ்சது சரிதான், ஆனா எனக்குக் கோவம் வந்ததும் சரிதான்னு சொன்னா. நான் சரின்னேன். தலைவர் அங்கேயே வந்து ரெண்டு வருஷ ஒப்பந்தம், நீங்கதான் முழு கோச்னு சொல்லிட்டார். ஏணியை என் உதவிக்கு வான்னு கெஞ்சினேன். மாட்டேன்னுட்டா. கீழ் லீக்ல ஒரு அணி கூப்பிட்டிருக்காம், அங்கே முதல் அஞ்சு பேர்ல ஒருத்தியா இறக்கறாங்களாம். உன் பக்கத்துல உக்காந்திருக்கறதைவிட எங்கேயாவது ஓடிக்கிட்டு இருக்கேன்டின்னா. இனிமே பஸ்ல தோளை நசுக்க ஆள் இருக்காது. ஆனா அவ முடிவு அது, அவ காலு அது. ஒருவேளை அவங்க மேல வந்து எங்க எதிர்ல ஆடினா, அவளை எப்படி ஓட விடறதுன்னு எனக்குத் தெரியாதா என்ன!

பயிற்சி முகாம் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் லீவு கேட்டு வாங்கிட்டேன், பிரசவத்துக்கு நான் அங்கே இருப்பேன், மருமக கவலைப்பட வேண்டாம்னு சொல்லு. அவளுக்கு வாந்தி நின்னுச்சா? குளிக்கறப்போ வழுக்காத பாய் போட்டு வை. குடிச்ச கப்பை அங்கங்கே விட்டுட்டுப் போற பழக்கத்தை நான் வரதுக்குள்ள விட்டுடு. குளிருக்குக் கழுத்துல மஃப்ளர் சுத்தாம வெளியில போகாதே. நீங்க எல்லாரும் நோய் நொடியில்லாம, மனசு நிறைஞ்சு, நீண்ட ஆயுசோட இருக்கணும். ஞாயித்துக்கிழமை வீட்டுப் போனுக்கே கூப்பிடு, மறந்துடாதே. அப்பா எடுத்தா, அம்மா இருக்காங்களான்னு கேக்காதே. கோச் இருக்காங்களான்னு கேளு. நான் பக்கத்துல நின்னு அவர் மூஞ்சியைப் பாக்கணும்.

இப்படிக்கு,
உன்னை நினைச்சுக்கிட்டே இருக்கற
அம்மா