தண்ணீர் ஒருசந்தியை முறிக்காது

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
26-3-1976

அன்பு மகள் கிளாடிசுக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் நாங்கள் இருவரும் சுகம், குவாலியர் வெயிலில் நீயும் சுகமாயிருக்க செபமாலையில் கேட்டுக்கொள்கிறோம். செவ்வாயன்று உன் கடிதம் வந்தது. புதனும் வெள்ளியும் ஓடும்போது தலை இரண்டு பக்கமும் துடித்து வலிக்கிறது, கல்லூரி டாக்டரிடம் சொன்னால் உடற்பயிற்சி ஆசிரியைப் படிப்பிலிருந்து அனுப்பிவிடுவார்கள், அதனால் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் பதில் தெரியாமல் இஞ்ஞாசியிடம் போனேன். என்னிடம் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு வராமல் பெஞ்சு மேல் நின்றவன், இப்போது சங்கு குளிக்கிறான், மூச்சடக்கி உழைக்கிறவனுக்குத் தலைவலி தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். சொன்னால் விளங்காது வந்து பாருங்க சார் என்று இன்று விடியலில் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டான்.

மகளே, அறுபது வருஷம் இந்தக் கரையிலே இருந்தும் இதைப் பார்க்காமல் போனேனே. எட்டுப் பாகம் ஆழம், ஏறக்குறைய ஒரு பனை உயரம், மூச்சை அடக்கி முங்கினான், நான் எண்பது வரை எண்ணி எண்ணிக்கை மறந்த பிறகு மூன்று சங்கோடு தலை தெரிந்தது. மனுஷ உடம்பை ஆண்டவர் எப்படித்தான் செய்தாரோ. ஆனால் அவன் எடுத்த எடுப்பில் ஆழத்துக்குப் போகவில்லை, உடம்பு சூடாக வள்ளத்தைச் சுற்றி மெதுவாக நீந்தி, இரண்டு தடவை பாதி ஆழம் மட்டும் போய்வந்தான். முதல் வருஷம் அப்படிச் செய்யாமல் தலை பிளந்ததாம். இடையிடையே உப்புப் போட்ட நீராகாரம் குடித்தான். பத்து மணிக்குச் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கே தலை தெறித்தது. செம்பை நீட்டினான், இன்று தவக்கால வெள்ளி, ஒருவேளை மட்டும் சாப்பிடும் ஒருசந்தி என்றேன். தண்ணி குடிச்சா ஒருசந்தி முறியும்னு எந்தச் சாமியார் சொன்னாரு சார் என்று சிரித்தான். குடித்தேன், அரை மணியில் வலி இறங்கியது. அப்போதுதான் உன் புதனும் வெள்ளியும் உறைத்தது. பரீட்சைக்காகப் புதனும் வெள்ளியும் சொட்டுத் தண்ணீர் படாமல் ஒருசந்தி பிடி என்று உனக்கு எழுதியவன் நான்தானே. கரையேறியதும் பங்குச்சாமியைக் கேட்டேன், தண்ணீருக்குத் தடையே கிடையாது என்கிறார். என் தகப்பனார் வழக்கத்தைச் சட்டமென்று நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

இன்னும் ஒன்று. ஆறாவது முங்கலுக்கு முன் இஞ்ஞாசி, தலை கனக்கிறது இன்றைக்குப் போதும் என்று ஏறிவிட்டான். வள்ளத்துத் தலைவர் ஜெபசிங், மாமியா வீட்டு விருந்து காத்திருக்கோ என்று கேலி செய்தார். அவன் துண்டால் துவட்டிக்கொண்டே, "எந்தலைக்குள்ள நடக்கிறத நான் சொன்னாத்தான அண்ணாச்சி ஒங்களுக்குத் தெரியும்" என்றான். அவ்வளவு மூச்சுள்ளவன் வெட்கப்படாமல் சொன்னானே, ஆழத்தைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிசயம். ஜெபசிங்கும் நாளைக்கு வா என்றுதான் சொன்னார்.

ஆகவே வெறும் வயிற்றில் ஓடாதே, முன்னும் பின்னும் தண்ணீர் குடி, பத்து நிமிஷம் நடந்து மெதுவாக ஆரம்பி, உச்சி வெயிலைத் தவிர். இது போதுமென்று இருந்துவிடாமல் டாக்டரிடமும் சொல். திடீரென்று இடி விழுந்ததுபோல் வலித்தாலோ, வாந்தி வந்தாலோ, கண் மங்கினாலோ அந்த நிமிஷமே போ. அனுப்பிவிட்டால் அனுப்பட்டும், ஸ்டேஷனில் நான் நிற்பேன். உன் புதனையும் வெள்ளியையும் எனக்குக் கொடுத்துவிடு, உனக்காக நான் பிடிக்கிறேன், தண்ணீர் குடித்துக்கொண்டே.

சூசையப்பர் உன்னைக் கைவிடமாட்டார். டாக்டர் சொன்னதை ஒரு கார்டில் எழுதிப் போடு, அம்மா சாப்பிடட்டும்.

ஆசீர்வாதத்துடன்,
அப்பா