நாலு மணி மாத்திரை

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், முட்டிவலி மட்டும் திரும்ப வந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று கேட்கவேண்டியதில்லை, உன்னைத்தான் தினமும் போனில் பார்க்கிறேனே, முகத்தில் நல்ல களை இருக்கிறது, உனக்குப் பின்னால் டப்பாக்கள் அடுக்கிய அலமாரி கூடப் புதிதாகத் தெரிகிறது. உன் அம்மா போய் ஏழு வாரம் ஆகிறது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். அவள் செருப்பை வாசலிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. டிப்போவுக்கு மறுபடி வேலைக்குப் போகிறேன், எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதிக்கொண்டே இருந்தால் வேறெதுவும் மண்டைக்குள் நுழையாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்றைக்கு மாடிவீட்டுத் தையல்காரம்மா போனும் கையுமாக இறங்கி வந்தாள். உன் வீடியோதான். அம்மாவின் படத்தைப் பெரிதாகப் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் அம்மா கடைசி மாதங்களில் எல்லா மாத்திரையையும் விட்டுவிட்டு நான் விற்கும் இந்தச் சத்து காப்ஸ்யூலிலேயே சந்தோஷமாக வாழ்ந்தார் என்கிறாய். தையல்காரம்மாவுக்கு மூளைக்கு அடியில், உன் அம்மாவுக்குக் கெட்டுப்போயிருந்த அதே சுரப்பியில், சின்னதாக ஒரு கட்டி, வாரத்துக்கு இரண்டு மாத்திரை, சாப்பிட்டால் குமட்டுகிறதாம். "அண்ணே, அக்கா கடைசி வரைக்கும் சாப்பிட்டது இந்த டப்பாதானே, எனக்கும் ஒண்ணு வரவழைச்சுக் குடுங்க, அந்த மாத்திரையத் தலைமுழுகிடறேன்" என்றாள். ஆமாம்மா, கடைசி வரைக்கும் அதைத்தான் சாப்பிட்டாள், அதனால்தான் கடைசி இவ்வளவு சீக்கிரம் வந்தது என்றேன். ஊராருக்குச் சொன்னதை உனக்குச் சொல்லாமல் விடக்கூடாது, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் நிறுத்திவிடுவேன். காகிதம் அழாது.

மாரடைப்பு என்று உனக்குச் சொன்னோம். இதயம் நின்றது உண்மைதான், சாகிற எல்லோருக்கும் அது நிற்கும். முதலிலிருந்து கேள். நீ பிறந்த அன்று உன் அம்மாவுக்கு ரத்தம் நிற்கவே இல்லை. பாட்டில் பாட்டிலாக ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள், ஆனால் ரத்தம் போய்ச் சேராமல் மூளைக்கு அடியில் இருக்கிற பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பி செத்துப்போனது. அது அப்போது யாருக்கும் தெரியாது. பால் சுரக்கவில்லை, நீ புட்டிப்பாலில் வளர்ந்தாய். பெத்த பிள்ளைக்குப் பால் கொடுக்க மனசில்லாதவள் என்று சொந்தத்தில் பேசினார்கள். முடி கொட்டியது, உச்சி வெயிலில் போர்த்திக்கொண்டு படுத்தாள், சோம்பேறி என்று பெயர் வாங்கினாள். நானும் சொன்னேன், ஒருமுறை அல்ல. மூன்று வருஷம் கழித்து ஒரு பெண் மருத்துவர்தான் கண்டுபிடித்தார். தைராய்டுக்கு ஒரு மாத்திரை, உடம்பு தாக்குப்பிடிப்பதற்கு ஒரு வெள்ளை மாத்திரை, காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும். அவளுக்கு மறதி என்பதால் இருபத்தாறு வருஷம் நாலு மணிக்கு டிப்போவிலிருந்து வீட்டுக்கு போன் அடித்தேன். சின்ன வயதில் இது என்ன மாத்திரை என்று நீ கேட்டபோதெல்லாம் "சத்து மாத்திரைடி" என்பாள். உன்னைப் பெற்றதால் வந்தது என்று உனக்குத் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். ஒரு சத்துக்குப் பதில் இன்னொரு சத்து என்று நீ நினைத்தால் அது உன் தப்பில்லை. அதுவரைக்கும் உன் தப்பில்லை.

ஆனால் வீடியோ காலில் வெள்ளை மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லி நீயே படித்தாய். "ஐயோ, இது ஸ்டீராய்டும்மா, விஷம்" என்றாய். டாக்டரைக் கேட்கிறேன் என்று அம்மா சொன்னதற்கு "டாக்டருக்கு மாத்திரை விக்கணும், எனக்கு என் அம்மா வேணும்" என்றாய். அந்த வார்த்தையில் அவள் உருகிவிட்டாள். இரண்டு மாதம் உன் காப்ஸ்யூலையும் சேர்த்துச் சாப்பிட்டாள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் தைராய்டு எண் அளவுக்கு மேலே ஏறியிருந்தது. "பாத்தியாம்மா, சுரப்பி முழிச்சுக்கிச்சு" என்று நீ கத்தியது தெருவுக்கே கேட்டது. முதலில் மாலை மாத்திரையை விட்டாள், பிறகு காலை. நானும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, நாலு மணி போனை நிறுத்தியது நான்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு விடுதலை என்று டிப்போவில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது.

காலை மாத்திரையையும் விட்ட பன்னிரண்டாம் நாள் வாந்தி. உனக்கு போன் செய்தாள். "உடம்புல இருக்கிற நஞ்செல்லாம் வெளியேறுதும்மா, ரெண்டு நாள் பொறுத்துக்கோ" என்றாய். பொறுத்துக்கொண்டாள், நீ சொன்னதை அவள் தட்டியதே இல்லை. மூன்றாம் நாள் காலை குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள், கை ஐஸ் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, வெள்ளை மாத்திரை கடைசியாக எப்போது என்பது. நான் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதத் தெரியவில்லை. ஊசி போட்டார்கள், சர்க்கரையும் உப்பும் ஏற்றினார்கள், பிந்திவிட்டது. எல்லாம் முடிந்தபிறகு உன் டப்பாவை அவரிடம் காட்டினேன். அதில் முடி வளர்வதற்கென்று ஒரு வைட்டமின் ஏகத்துக்குப் போட்டிருக்கிறதாம், அது ரத்தத்தில் இருந்தால் சில தைராய்டு பரிசோதனைகள் தப்பான எண்ணைக் காட்டுமாம். சுரப்பி முழிக்கவில்லை சிட்டு, மெஷின்தான் ஏமாந்தது. உலகத்தில் எந்தச் சத்து மாத்திரையும் இந்த நோய்க்கு உதவாதா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "வைட்டமின் டி குறைஞ்சிருந்தா குடுப்போம், எலும்புக்கு கால்சியம் குடுப்போம், குறையறத நிரப்பறது தப்பில்ல. ஆனா செத்த சுரப்பியோட வேலைய எந்தச் சத்தும் செய்யாதுங்க, அது சுரக்காத ஹார்மோனத்தான் குடுக்கணும், தினமும் குடுக்கணும்" என்றார். இதை யாராவது முன்பே கேட்டிருக்கலாம். உன்னிடம் போன் இருந்தது, என்னிடம் இரண்டு கால் இருந்தது.

நீ வந்து மூன்று நாள் அழுதாய், பொய்யென்று சொல்லவில்லை. போய்ப் பத்து நாளில் அந்த வீடியோவைப் போட்டாய். அதில் சன்னலோரம் சிரிக்கிறாளே, கன்னமெல்லாம் பளபளவென்று, உன் காப்ஸ்யூல் கொடுத்த பளபளப்பு என்கிறாயே, அந்தப் படத்தை எடுத்தவன் நான். இரண்டு வருஷத்துக்கு முந்திய படம். அன்று எனக்கு விடுமுறை, போன் அடிக்காமல் மாத்திரையையும் தண்ணீரையும் நானே கையில் கொடுத்தேன், அதற்குத்தான் சிரிக்கிறாள்.

மயக்கத்துக்குப் போகும் முன் அவள் என்னிடம் சொன்னது, "சிட்டுகிட்ட எதையும் சொல்லிடாதீங்க, தாங்கமாட்டா". இன்றைக்கு இரண்டு சத்தியத்தையும் உடைத்துவிட்டேன். நீ தாங்குவாய். அவள் தாங்கியதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை இது. உன் வீடியோவுக்குக் கீழே "அக்கா, நானும் இன்னையிலேர்ந்து மாத்திரைய நிறுத்தறேன்" என்று யார் யாரோ எழுதியிருக்கிறார்கள், நீ அதற்கெல்லாம் இதயப் படம் போட்டிருக்கிறாய். வீடியோவை எடு. எடுத்தால் மட்டும் போதாது, நடந்ததை உன் வாயால் அதே இடத்தில் சொல். அதுவரை எனக்கு போன் செய்யாதே, எடுக்கமாட்டேன். நீயும் பிள்ளை பெறுவாய், அப்போது ரத்தம் அதிகம் போனாலோ, பால் சுரக்காமல் கையும் காலும் ஓய்ந்தாலோ, வெட்கப்படாமல் மருத்துவரிடம் போய் இந்தச் சுரப்பியைப் பார்க்கச் சொல். மாப்பிள்ளை உன்னைச் சோம்பேறி என்றால் இந்தக் கடிதத்தைக் காட்டு. குளிர் நாளில் தலைக்கு ஊற்றிக்கொண்டு அப்படியே வெளியே போகாதே. நல்லபடியாக இரு, நிறைந்த ஆயுசோடு இரு, இதைத் திட்டிக்கொண்டு எழுதவில்லை, மனசாரத்தான் எழுதுகிறேன்.

கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை தையல்காரம்மா போனை எடுத்துக்கொண்டு கீழே வருகிறாள். நீ என்ன சொல்லியிருக்கிறாய் என்று இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா