தேதி பார்க்கத் தெரியாதவள்

செவ்வாய், இரவு

என் வீட்டுக்காரரைப் பற்றி இப்படி எழுதுவது தப்புதான். மன்னிக்கட்டும்.

கனடாவில் இருக்கும் அவரோடு அங்கேயே குடியேற விசா கேட்கிறோம். போன தடவை சுற்றுலா விசாவில் அவரிடம் போனேன். கெடு முடிந்தும் அங்கேயே தங்கிவிட்டேன். ஏன் தங்கினேன் என்று விளக்கம் எழுதித் தர வேண்டும்.

"தேதியக் கவனிக்கலன்னு எழுதிடு. அதான் சேஃப்" என்றார் இன்று வீடியோ காலில்.

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்கிவிட்டு அப்போதுதான் வந்த நைனா, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா, தெருவுக்கே மனு எழுதித் தர்ற. உன் விசாவுல தேதி பாக்கத் தெரியலியா?"

அவர் போனில் சிரித்தார். "விடுங்க மாமா. உங்க பொண்ணுக்கு வெவரம் பத்தல. நான் பாத்துக்கறேன்."

நைனாவும் சிரித்து வைத்தார். சுவரில் மாட்டியிருக்கும் என் பட்டமளிப்புப் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தார்.

அந்தத் தேதியைத் தினமும் பார்த்தவள் நான். பெட்டி கட்டி வாசலில்கூட வைத்தேன். என் வீட்டுக்காரர்தான் பெட்டியைப் பிரித்து, என் புடவைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினார். "நீட்டிக்க மனு போட்டுட்டேன், இரு" என்றார். போடவே இல்லை. எனக்குத் தெரிந்தபோது கெடு தாண்டியிருந்தது. அப்போது அதையும் அன்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

அவர் சொன்னதை இன்னும் எழுதவில்லை. எழுதினால், எனக்கு விவரம் பத்தாது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

விசா வந்தாலும் வராவிட்டாலும் போகட்டும். என் நைனாவிடம் அவர் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும்: "நான்தான் மாமா அவள இருக்கச் சொன்னேன்."